வாய் கோணினால் ஆஸ்பிரினா?

"வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால் உடனே ஆஸ்பிரினை நுணுக்கிக் கொடுங்கள், ஆஸ்பத்திரி அப்புறம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணம்தான் சார். ஆனால் அது மாரடைப்புக்குச் சொல்லும் யோசனை, பக்கவாதத்துக்கு ஆகாது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் வாய் கோணும், வெடித்துக் கசிந்தாலும் கோணும். எவ்வளவு அனுபவப்பட்ட டாக்டரும் வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரித்துவிட முடியாது, சி.டி. ஸ்கேன் வேண்டும். கசிவாக இருந்தால் உங்கள் மாத்திரை அதைக் கூட்டிவிடலாம். விழுங்க முடியாத நிலையில் இருப்பவருக்குப் புரையேறி, மாத்திரையும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து வேறு. (ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் இதே மாதிரி வாய் கோணி, கை விழலாம். அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதுமே விரலில் குத்திச் சுகர் பார்க்கிறார்கள்.)

அடைப்புதான் என்று தெரிந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரஷர் 185/110-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்குவார்கள். அந்த ஊசி போட்டபின் ஆஸ்பிரினை வழக்கமாக 24 மணி நேரம் தள்ளிவைப்பார்கள். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பென்றால், பெரும்பாலும் தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை எடுப்பார்கள். தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட.

இந்த நேரக் கணக்குக்காக டாக்டர் முதலில் கேட்பது "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். தூங்கி எழும்போதே வந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள், எழுந்த நேரத்தை அல்ல. மாத்திரை தேடும் நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டுவிடலாம்.