செத்தவனுக்கும் ஒரு பெயர் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலிருந்து ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று மூன்று நாளாக இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தூதர்களையும் அவர்கள் ஆட்களையும் உள்ளூர்ச் சட்டம் தண்டிக்கலாமா என்று பேச்சாளர் முக்கால் மணி நேரம் பேசினார். லண்டனிலிருந்த போர்ச்சுகல் தூதரின் தம்பி பண்டலியோன் டி சா, அன்று இங்கிலாந்தை ஆண்ட குரோம்வெல், தூதரின் வீட்டுக்குள் காவலர்கள் நுழையலாமா கூடாதா, எல்லாம் பேசினார். செத்தவனைப் பற்றி மட்டும் ஒரே வரி: "தவறுதலாக ஒருவர் இறந்துபோனார்."

இறந்துபோகவில்லை சார். கொன்றார்கள்.

1653 நவம்பர், லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் நியூ எக்ஸ்சேஞ்ச் என்ற கடைக்கூடம். டி சாவுக்கும் ஜெரார்ட் என்பவருக்கும் அங்கே தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. மறுநாள் இரவு டி சா ஆயுதங்களோடு ஆள் திரட்டிக்கொண்டு வந்தார். ஜெரார்ட் அங்கே இல்லை. தன் சகோதரியோடும், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணோடும் கடைக்கு வந்திருந்த கிரீன்வே இருந்தார். ஜெரார்ட் என்று நினைத்து அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, ஓடிப்போய்த் தூதரின் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். கிரீன்வே. இந்தப் பெயரைச் சொல்ல ஒரு நொடி ஆகுமா?

"தூதர்களுக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் எந்த நாடு தூது அனுப்பும்?" என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 1584-ல் ஸ்பெயின் தூதர் மெண்டோசா எலிசபெத் ராணிக்கு எதிரான சதியிலேயே இருந்தார். தண்டிக்காமல் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள், அவ்வளவுதான். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைத்தெருவில் ஆளைச் சுடுவது எந்த அரசன் கொடுத்தனுப்பிய வேலை?

"குரோம்வெல் அரசியலுக்காகத்தான் தண்டித்தார்" என்பது அடுத்தது. இருக்கட்டுமே! விசாரணையாவது நடந்தது. பாதி ஆங்கிலேயர், பாதி வெளிநாட்டவர் என்று நடுவர் குழு அமைத்தார்கள். அண்ணனுக்குப் பிறகு நான்தான் தூதர், மன்னரின் கடிதம் இருக்கிறது என்றார் டி சா. இன்னும் தூதராகவில்லையே என்றது நீதிமன்றம். 1654 ஜூலை 10-ஆம் தேதி டவர் ஹில்லில் தலையை வெட்டினார்கள். அதே நாளில்தான் அவர் அண்ணன் இங்கிலாந்தோடு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு லண்டனைவிட்டுக் கிளம்பினார். அந்த அண்ணனை நினைத்தால் எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. பேச்சாளர் அந்த இடத்தில் குரல் தழுதழுக்கப் பேசினார். கிரீன்வேயின் சகோதரிக்கு அந்தத் தழுதழுப்பில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு. என் சித்தப்பாவை ஒரு கார் அடித்துப் போட்டது. டீக்கடையில் நின்றிருந்த மூன்று பேர் வண்டி நம்பரைப் பார்த்தார்கள். எஃப்ஐஆரில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்றுதான் எழுதினார்கள், ஏனென்றால் வண்டி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிட, சித்தப்பாவின் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு எழுத்தைத் திருத்த சித்தி நாலு மாதம் அலைந்தார், ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு. "போனவர் போயிட்டார், பேரில் என்னம்மா இருக்கு" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான்.

உணர்ச்சிவசப்பட்டு வரலாறு பேசாதே என்று ஒரு நண்பர் அறிவுரை சொன்னார். 1708-ல் ரஷ்யத் தூதர் மத்வேயெவைக் கடன் பாக்கிக்காக லண்டன் தெருவில் பிடித்துவைத்தார்கள். பீட்டர் மன்னர் கொதித்தார். இங்கிலாந்து ராணி மன்னிப்புக் கேட்டார், சில மாதத்திலேயே நாடாளுமன்றம் தூதர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அது உணர்ச்சி இல்லையாம், ராஜதந்திரமாம். பெரிய இடத்துக்குக் கோபம் வந்தால் சட்டம் வரும், சித்திக்குக் கோபம் வந்தால் "போம்மா, அப்புறம் வா".

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வருவேன். முன்வரிசையில்தான் உட்காருவேன். அன்றைக்குச் செத்தவர் பெயர் என்ன சார் என்று கேட்பேன்.