இடுப்பு 34, வயிறு 41

தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிட்டது. வருடா வருடம் அளவெடுக்கும்போது கண்ணில் படுகிற ஒன்றை இந்தத் தடவை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் 26 வருடமாக ஆண்களுக்குத் துணி தைக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பலர் உள்ளே வரும்போதே, "அண்ணே, எனக்கு இடுப்பு 34தான், பழைய அளவே போடுங்க" என்பார்கள். டேப்பைப் போட்டால் 34தான் வரும். பொய் சொல்லவில்லை. ஆனால் பேண்ட் நிற்கிற இடம் மாறியிருக்கும். முன்பு தொப்புளுக்கு ஒட்டி நின்றது, இப்போது தொப்பைக்கு அடியில் இறங்கி நிற்கிறது. அதே ஆளுக்குச் சட்டைக்காக வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டால் 40, 41. தோள் பழையபடியே இருக்கும். தொடை சிலருக்கு இளைத்தும் இருக்கும். பேண்ட் அளவை நம்பி "நான் ஏறவே இல்லை" என்று இருக்கிறவர்கள் இப்படி எத்தனையோ பேர்.

என் தம்பியும் அதில் ஒருவன். வாரத்தில் மூன்று நாள் குவார்ட்டர். தொப்பை விழுகிறது என்று ராத்திரிச் சோற்றை விட்டான், இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினான், காலையில் இட்லியை மூன்றாகக் குறைத்தான். வீட்டில் எல்லோரும் சோற்றைத்தான் குற்றம் சொன்னோம், நானும் சேர்த்து. போன வருடம் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது, கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் சித்தப்பாவை உட்கார வைத்து, காலி பாட்டிலைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டாள். 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம். அப்படியென்றால் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஒரு கிராமுக்கு 7 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4, எண்ணெய் நெய்க்கு 9. ஆக, குவார்ட்டர் ஒன்றுக்கு 420 கலோரிக்கு மேல். ஒரு இட்லியை 60 கலோரி என்று வைத்தால் ஏழு இட்லி. அவன் மூன்று இட்லியோடு எழுந்து கைகழுவியதெல்லாம் எங்கே போயிற்று என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. இதில் கலக்குகிற கோலா, தொட்டுக்கொள்ள மிக்சர், ஆம்லெட், சிக்கன் 65, முடிந்து வரும்போது ஒரு முட்டை பரோட்டா, எதுவும் சேரவில்லை.

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சரக்கே நேராகக் கொழுப்பாக மாறுவது ரொம்பக் கொஞ்சம்தானாம். அது செய்கிற வேலை வேறு. எங்கள் தொழிலில் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் யாராவது அவசரம் என்று ஒரு துணியோடு வந்து நின்றால், மற்றதை எல்லாம் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் தைப்போம். கல்லீரலும் அப்படித்தான். ஆல்கஹாலைச் சேர்த்து வைக்க உடம்பில் இடம் கிடையாது, அது விஷம், முதலில் வெளியேற்றியாக வேண்டும். அது எரிந்து முடிகிற வரை கொழுப்பை எரிக்கிற வேலை மந்தமாகிவிடும். கூடச் சாப்பிட்ட பரோட்டாவும் சிக்கனும் மூட்டைக்குப் போகும். மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கல்லீரல் கையாளும் என்றால், 60 கிராமுக்கு 6 மணி நேரத்திலிருந்து எட்டரை மணி நேரம் வரை ஆகும். ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தவனுக்கு விடியற்காலை வரை அதே வேலை. அந்த மூட்டைதான் கொழுப்பாகக் கல்லீரலுக்குள்ளும் குடலைச் சுற்றியும் சேர்கிறது. பீர் குடித்தால்தான் தொப்பை, பிராந்திக்கு வராது என்பதெல்லாம் சும்மா.

வீட்டில் இன்னொரு பேச்சும் வந்தது. பெண்களுக்குத் தொடையிலும் பின்பக்கத்திலும் தோல் குழிகுழியாகத் தெரியுமே, செல்லுலைட் என்கிறார்கள், அதுவும் மதுவால் வருகிறது என்று வீடியோ போட்டு எண்ணெய் விற்கிறார்களாம். மகளுக்கு அதைப் பார்த்தாலே கோபம். மெத்தையில் தையல் இழுத்த இடம் பள்ளமாகவும் பக்கத்தில் பஞ்சு உப்பியும் இருக்கும் அல்லவா, தோலுக்கு அடியிலும் அப்படித்தான், நார்கள் கீழே இழுக்கின்றன, கொழுப்பு நடுவில் உப்புகிறது. பெரியவளான பெண்களில் நூற்றுக்கு 80, 90 பேருக்கு இருக்கிறது. ஒரு சொட்டுக் குடிக்காத ஒல்லிப் பெண்ணுக்கும் உண்டு. உடம்பில் கொழுப்பு ஏறினால் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான். நோய் இல்லாத ஒன்றுக்குப் பெண்களைக் கூச வைத்துவிட்டு, உண்மையிலேயே ஆபத்தான ஆம்பளைத் தொப்பையை "வசதி வந்துருச்சு" என்று தட்டிக்கொடுக்கிறோம். இது எனக்கு ஆறவே இல்லை.

என் மனதில் உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. பல வருட வாடிக்கையாளர் ஒருவர். தினமும் குடிப்பவர். ஒரு தடவை சட்டைக்கு அளவெடுத்தபோது வயிறு நாலு இஞ்ச் கூடியிருந்தது, அதுவும் ஒரே மாதத்தில். கையோ குச்சி மாதிரி, தோள் அரை இஞ்ச் குறைந்திருந்தது. செருப்பு வார் பாதத்தில் பதிந்து கிடந்தது. "சாப்பாட்டைக் குறைங்க சார்" என்று சொல்லி அனுப்பினேன். அது கொழுப்பே இல்லை, கல்லீரல் சுருங்கி வயிற்றில் கோர்த்த நீர் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அப்படி யாரையாவது பார்த்தால் துணியை வாங்கி வைத்துவிட்டு, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

வீட்டில் டேப் இருந்தால் பேண்ட் நிற்கிற இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல் அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்ச் வரைதான். பெண்களுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால் சோற்றில் கை வைக்கும் முன் பாட்டிலைக் கணக்கில் எடுங்கள். அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

தம்பி டாக்டரைக் கேட்டு நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரி இப்போது சோறு சாப்பிடுகிறான், ரசம் ஊற்றி. போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். வயிறு 41 இருந்தது, இப்போது 38. சட்டையைப் பிடித்துத் தரச் சொன்னான். "தீபாவளி வரைக்கும் போகட்டும்டா, இன்னும் குறையும்" என்று சொல்லி, மடக்கி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.