விடுமுறைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் போதும்

பயணம் கிளம்பும்போது துணிமணியை அரை மணி நேரத்தில் எடுத்து வைத்துவிடுவேன். ஊசியும் கம்பளி நூலுமாக எந்தப் பின்னல் வேலையை எடுத்துப் போவது என்று முடிவு செய்யத்தான் இரண்டு நாள் ஆகும். பின்னுகிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு என்று நினைக்கிறேன். ஐந்து நாள் பயணத்துக்கு மூன்று வேலை. "நூல் தீர்ந்துபோச்சுன்னா?" என்று கூடுதலாக இரண்டு கண்டு வேறு. ஒரு ஸ்வெட்டருக்கே அரைக் கிலோ நூல் போய்விடும், அது பெட்டியில் ஒரு தலையணைக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது பாதிக் கண்டு சுற்றிய காகிதம்கூடக் கலையாமல் வரும்.

என்னைத் திருத்தியது ஒரு லேஸ் சால்வை.

50 கிராமில் 400 மீட்டர் ஓடுகிற மெல்லிசு நூல். விடுமுறையில்தானே நிம்மதியாக உட்கார நேரம் கிடைக்கும் என்று அந்த நுணுக்கமான வேலையைக் கையோடு எடுத்துப் போனேன். லேஸில் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டை விடவேண்டும், அதற்கு ஈடாக இன்னொரு இடத்தில் இரண்டு கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) ஒன்றாகச் சேர்க்கவேண்டும். ஒன்றை மறந்தால் வரிசைக் கணக்கு உதைக்கும். ரயிலில் ஜன்னலோர இடம், மடியில் டிசைனைக் குறித்த கட்டம் போட்ட தாள், வாயில் எண்ணிக்கை. "அருவி பாரு, அருவி!" என்றார் கணவர். "இருங்க, இந்த வரிசை முடியட்டும்." முடித்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே சுரங்கப்பாதையின் இருட்டு. ராத்திரி அறையில் எண்ணிப் பார்த்தால் அந்த வரிசையில் ஒரு கண்ணி குறைகிறது. பிரித்தேன். அருவியும் போச்சு, வரிசையும் போச்சு.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: கையில் இருப்பதிலேயே எது ரொம்பச் சலிப்பான வேலையோ, அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எனக்கு அது சாக்ஸ். 100 கிராம் கண்டு, ஏறக்குறைய 400 மீட்டர், ஒரு ஜோடிக்குத் தாராளமாக வரும். மொத்தமும் ஒரு சின்ன கைப்பைக்குள் அடங்கிவிடும். 2.5 மி.மீ. ஊசியில் 64 கண்ணி போட்டு, மேல் பட்டையை முடித்துவிட்டால் குதிகால் வரைக்கும் சுற்றிச் சுற்றி ஒரே சாதாப் பின்னல்தான்: நிட், நிட், நிட். குனிந்து பார்க்கத் தேவையில்லை, விரலுக்கே தெரியும். குதிகால் திருப்புகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கணக்கு உண்டு. அதை ராத்திரி அறையில் விளக்கடியில் முடித்துவிட்டால், மறுநாள் பாதம் முழுக்க மறுபடி ஜன்னலோர வேலை.

நாலைந்து குட்டை ஊசிகளை வைத்துப் பின்னுகிறவர்களுக்கு ஒரு கதை சொல்லவேண்டும். மலைப்பாதையில் பேருந்து போகும்போது என் ஊசி ஒன்று நழுவி இருக்கைகளுக்கு அடியில் விழுந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கடைசியில் முன் இருக்கைப் பெரியவர் ஒருவர் செருப்பால் மிதித்து நிறுத்தி, "இந்தாம்மா, உன் குச்சி" என்று நீட்டினார். அன்றோடு 80 செ.மீ. வட்ட ஊசிக்கு மாறினேன். இரண்டு முனையும் ஒரே கேபிளில் இருப்பதால் தொலைக்கவே முடியாது. (இது ஒன்றும் புதுச் சமாசாரமில்லை, அமெரிக்காவில் 1918-லேயே இதற்குக் காப்புரிமை கொடுத்தாயிற்று.) நீள ஊசி பக்கத்தில் இருப்பவரின் விலாவைப் பதம் பார்க்கும். மூங்கில் ஊசியில் கண்ணி வழுக்காது, டிக் டிக் என்ற சத்தமும் இல்லை.

விமானத்தில் போகிறவர்கள் கிளம்புமுன் விதியைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பின்னல் ஊசியைக் கைப்பையில் வைக்க அனுமதி உண்டு, ஆனாலும் சோதனையில் நிற்பவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதனால் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால், ஊசியில் இருக்கிற எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறச் சாதா நூல் ஒன்றைக் கோத்துவிடுவேன். ஊசியை வாங்கி வைத்துக்கொண்டாலும் பின்னல் அவிழாது.

"லீவுலயும் இதானா? கொஞ்சம் சும்மா இரேன்" என்று கேட்பவர்கள் எல்லாப் பயணத்திலும் உண்டு. கேட்கும்போது அவர்கள் கையில் செல்போன் இருக்கும், அதை விடுங்கள். பிரான்ஸின் லாந்த் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டு இடையர்கள் ஈரச் சதுப்பில் பொய்க்கால் கட்டி, முதுகுக்கு ஒரு நீளக் கழியை முட்டுக்கொடுத்து நின்றபடி ஆடு மேய்த்தார்கள், கையில் பின்னலும் நடந்தது. பெருவின் டாக்கீலே தீவில் ஆண்கள் நடந்துகொண்டே குல்லாய் பின்னுவார்கள். அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபாக அறிவித்தது. அந்த இடையர் மடியில் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டிருந்தால் ஆடு என்ன ஆகியிருக்கும்?

ஒரு குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். பயணத்தில் கை ஒரே சீராக ஓடாது. கொண்டை ஊசி வளைவுகளில் பின்னிய வரிசைகள் இறுகிக்கிடக்கும், கடற்கரையில் பின்னியவை தளர்ந்திருக்கும். ஸ்வெட்டரில் அது கண்ணை உறுத்தும். சாக்ஸில், ஷூவுக்குள் போய்விட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

போன பயணத்தில் ஒன்றைத்தான் முடிக்க முடிந்தது. ஒற்றைச் சாக்ஸ் அலமாரியில் இருக்கிறது, மிச்ச நூல் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. ஜோடியை வீட்டிலேயே பின்னிவிடலாமே என்கிறார் கணவர். டிக்கெட் எடுங்க, பின்றேன் என்று சொல்லியிருக்கிறேன்.