சிலிண்டர்க்காரரை வாசலில் நிற்க வைத்த செயலி

சென்ற மாதம் ஒரு காலை, எரிவாயு சிலிண்டரை வாசற்படியில் இறக்கிவைத்தவர், "சார், கோடு வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். எதுவும் வரவில்லை என்றேன். தம் போனைப் பார்த்துவிட்டு, "போயிருக்குன்னு காட்டுதே சார்" என்றார். பத்து நிமிடம் தேடிய பிறகு, தேவையற்ற குறுஞ்செய்திகளை வடிகட்டுவதற்காக நானே நிறுவியிருந்த ஒரு செயலியின் ஸ்பேம் பெட்டிக்குள், டிடிசிபி அனுமதி பெற்ற மனைகளுக்கும் ஐந்தே நிமிடத்தில் கிடைக்கும் தனிநபர் கடனுக்கும் நடுவே அந்த எண் கிடந்தது.

அன்று மாலைதான் அந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதிகளைக் கொடுத்திருக்கிறேன் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஆண்ட்ராய்டு போனில் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் தம்மையே முதன்மைக் குறுஞ்செய்திச் செயலியாக வைக்கச் சொல்கின்றன. எல்லாச் செயலிகளும் எஸ்எம்எஸ் படிப்பதைக் கூகுள் 2018 அக்டோபரில் அறிவித்த பிளே ஸ்டோர் விதிகள் கட்டுப்படுத்திவிட்டதால், அந்த இடத்தைப் பிடிப்பதுதான் அவற்றுக்கு நேர்வழி. பிடித்துவிட்டால், வங்கி இருப்பு, ஓடிபி, கடன் தவணை, மருத்துவமனை முன்பதிவு என ஒன்று விடாமல் அதன் கண்ணில் படும். என்னுடைய ஒரு மாதச் செய்திகளை வரிசையாகப் படித்தபோது, எந்தத் தேதியில் சம்பளம் வந்தது, எத்தனை நாளில் கரைந்தது, அம்மாவுக்கு எந்தப் பரிசோதனை நடந்தது என்பதையெல்லாம் முன்பின் அறியாத ஒருவரும் சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. விளம்பரக் குப்பையை அள்ளுவதற்காக வீட்டுச் சாவியையே கொடுத்திருக்கிறேன்.

ஐபோனில் நிலைமை சற்று வேறு. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் வடிகட்டும் செயலிகளுக்கு அங்கே இடம் உண்டு என்றாலும், நம் தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்கள் அனுப்பும் செய்திகள் மட்டுமே அவற்றிடம் போகும். வடிகட்டும் பகுதி தானாக இணையத்தைத் தொடவும் முடியாது. இந்தக் கெடுபிடியால்தான், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தொல்லை விளம்பரங்களைப் பற்றிப் புகார் செய்வதற்காகக் கொண்டுவந்த டிஎன்டி செயலி ஐபோனுக்கு வருவதில் ஆப்பிளுக்கும் டிராய்க்கும் 2018இல் பெரிய இழுபறி நடந்தது. அப்போது நான் டிராய் பக்கம் நின்று பேசியவன். இப்போது ஆப்பிளின் பிடிவாதத்தில் ஓரளவு நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. 2025இல் திருத்தப்பட்ட டிராய் விதிகளின்படி, பதிவு செய்த நிறுவனங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் அனுப்புநர் பெயருக்குப் பின்னாலும் ஓர் இடைக்கோடும் (-) ஓர் ஆங்கில எழுத்தும் வருகின்றன: விளம்பரமானால் பி (P), சேவைச் செய்தியானால் எஸ் (S), பரிவர்த்தனையானால் டி (T), அரசுச் செய்தியானால் ஜி (G). சிலிண்டர் எண் வந்த செய்தியின் அனுப்புநர் பெயர் பி என்று முடியவில்லை. அந்த ஓர் எழுத்தைப் பார்த்திருந்தாலே போதும். என் செயலியோ எதை வைத்து முடிவெடுத்ததோ, அதைத் தூக்கி ஸ்பேமில் போட்டுவிட்டது. அதே செயலி, 'அட்சய திருதியை சலுகை' என்று ஆங்கில எழுத்தில் தமிழைக் கோத்து வந்த நகை விளம்பரத்தை மட்டும் மரியாதையாக உள்ளே விட்டிருந்தது.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் "இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு போலிச் செய்தி ஊரெங்கும் சுற்றியது நினைவிருக்கும். பத்து இலக்கத் தனி எண்களிலிருந்து வந்த அந்தச் செய்தியைக் கண்டு, அதிலிருந்த 'அதிகாரியின்' எண்ணை அழைத்துப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. தனி எண்ணுக்குப் பின்னால் எந்த எழுத்தும் வராது. அங்கே ஓர் எச்சரிக்கை தேவைதான். ஆனால் அதற்குப் போனிலேயே இருக்கும் வசதி போதும் என்பது என் கருத்து. கூகுள் மெசேஜஸில் ஸ்பேம் பாதுகாப்பு இருக்கிறது. 24 மணி நேரம் கழித்து ஓடிபிகளைத் தானே அழிக்கும் வசதியும் இந்தியாவில் 2021லேயே வந்துவிட்டது. கூகுளும் தருமம் செய்ய வந்த நிறுவனம் அல்ல என்பது தெரியும். ஆனாலும் ஏற்கெனவே இருப்பவரோடு புதிதாக ஒருவரையும் உள்ளே அழைப்பானேன்?

ஆகவே அந்தச் செயலியை நீக்கிவிட்டு, 1909 என்ற எண்ணுக்கு ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்யம் சேர்த்து அனுப்பினேன். விளம்பர வகைகள் எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லும் கோரிக்கை அது; ஓடிபியும் வங்கிச் செய்தியும் இதனால் நிற்பதில்லை. மீறி வருவதைப் பற்றி ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். முன்பு மூன்று நாள்தான் அவகாசம். ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு போனிலேயே இருக்கும் ஸ்பேம் பெட்டியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

நேற்று அடுத்த சிலிண்டர் வந்தது. அவர் கேட்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட்டேன். அதற்குக் கீழே, ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வந்த மனை விளம்பரம் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி 1909க்குப் புகார் அனுப்பிவிட்டுத்தான் அவருக்குப் பணம் எடுக்க உள்ளே போனேன்.