ஓடுகிற பிள்ளையின் சோற்றில் கை வைக்காதீர்கள்

ஓடும் பிள்ளைகளின் உணவு பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு பேச்சு நடந்தது. அங்கே நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அந்தப் பேச்சின் காணொளி பினாங்குத் தமிழ்ப் பெற்றோரின் புலனக் குழுக்களைச் சுற்றி வந்து, கடைசியில் என் மாணவன் ஒருவனின் தட்டிலேயே கை வைத்துவிட்டதால் எழுதுகிறேன்.

சோற்றை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்து வேகமாக ஓடும், லாக்டிக் அமிலம் தசையில் தங்கும் விஷம் என்று மேடையில் பேச்சாளர் சொன்னார். இரண்டும் தவறு.

தசை சுருங்குவது ஏடிபி என்ற ஒரே பொருளின் ஆற்றலால்தான். முழு வேகத்தில் ஓடினால், தசையில் இருப்பில் உள்ள ஏடிபி இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான் காணும். அதை உடனுக்குடன் நிரப்பித் தரும் கிரியாட்டின் பாஸ்பேட்டும் ஏறக்குறைய 10 விநாடிகளில் பெருமளவு தீர்ந்துவிடும். அதன் பிறகு பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது, நாம் உண்ட சோறும் தோசையும் தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரை இருப்பு. ஆக்சிஜன் வழியாக ஆற்றல் பெறும் மூன்றாவது ஏற்பாடும் முதல் அடியிலிருந்தே வேலை செய்கிறது. நேரம் நீள நீள அதன் பங்கு கூடுகிறது. கொழுப்போ ஆக்சிஜன் இல்லாமல் எரியவே எரியாது; எரிந்தாலும் மெதுவாகத்தான் ஏடிபியைத் தரும். நம் மலேசிய ஓட்டவீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியை 20.92 விநாடிகளில் ஓடினாரே, அந்த ஓட்டத்தில் கொழுப்பின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

நேற்று மாலை திடலில் 13 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது 300 மீட்டரின் வளைவிலேயே நின்றுவிட்டான். முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்தான், உதடு வெளுத்திருந்தது. “பசியாறினாயா?” என்று கேட்டேன். “முட்டை மட்டும்தான் சார். அஞ்சு நாளா அம்மா சோறு போடல. சோறு சாப்பிட்டா கால்ல அமிலம் ஊறுமாம்” என்றான். பக்கத்துக் கடையில் மைலோவும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்து, அவன் முகம் தெளியும் வரை புல்லில் கூடவே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் தளர்ச்சியை வைத்து முடிவு கட்டுவதாகச் சொல்வார்கள். கட்டவில்லை. ஐந்து நாள் மாவுச்சத்து இல்லாத தசையில் கிளைக்கோஜன் குறையும் என்பது நேற்று நான் கண்டுபிடித்த சங்கதி அல்ல.

அமிலம் என்று அவர்கள் அஞ்சுவது, வேகமாக ஓடும்போது தசையில் சர்க்கரை உடைந்து உண்டாகும் லாக்டேட்டை. அது கழிவு அல்ல, எரிபொருள். இதயம் அதை எரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மறுபடியும் குளுக்கோஸாக்குகிறது. அந்தச் சுழற்சிக்கு, 1947இல் நோபல் பரிசு பெற்ற கோரி தம்பதியரின் பெயரே வழங்குகிறது. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது, பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால்.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம், சோற்றைக் குறைப்பது நல்லதுதானே என்பார்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு நல்லதுதான். என் தட்டிலும் குறைத்திருக்கிறேன். மெதுவாக, நெடுநேரம் ஓடுபவருக்குக் கொழுப்பு பெருமளவு உதவும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் திடலில் ஓடும், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு நியாயமும் பொருந்தாது.

இதைத்தான் அன்றைக்குச் சொல்ல எழுந்தேன். “சார், இது இப்போதைய அறிவியல், நீங்க உட்காருங்க” என்று கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். இருபத்தேழு ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளோடு வெயிலில் நின்றவன் நான். பேச்சாளர் ஆங்கிலத்தில் சொன்னபோது தலையாட்டிய மண்டபம், நான் அதே பொருள்களைத் தமிழில் விளக்கத் தொடங்கியதும் சிரித்தது. முன்வரிசையில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள். ஒருவராவது, “சார் பேசி முடிக்கட்டும்” என்று சொல்லியிருக்கலாம்.

நேற்றிரவு அந்தப் பையனின் தாயாரை அழைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். கேட்டு முடித்துச் சற்று நேரம் பேசாமலிருந்தவர், “அப்போ நாளைக்குப் பிள்ளைக்குச் சோறு போடலாமா சார்?” என்று கேட்டார். போடுங்கம்மா என்றேன்.