முகப்பிடம் வரை வர முடியாதவர்களிடம் யார் போவது?

சென்ற மாதம், எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வாழும் 78 வயதுப் பாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குச் சென்றேன். 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் சீவியவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு நகரத்துக்கு வந்தார். மின்தூக்கி இல்லாத கட்டடம் என்பதால், ஒரு காலைச் சரியாக ஊன்ற முடியாத அவர் கீழே இறங்கியே பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று இறங்கி முடிக்க 20 நிமிடம் பிடித்தது. மலேசிய அரசு அவருக்குத் தரும் முதியோர் உதவித்தொகைக்கான ஏடிஎம் அட்டை மகனிடம் இருக்கிறது. அந்தத் தொகை 2025-இல் மாதம் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்ததை நான் சொன்னபோது, நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

முகப்பிடத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். மகன்மீது போலிஸ் புகார் செய்துவிட்டு வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். பாட்டி உடனே எழுந்துவிட்டார். "வேணாம் டீச்சரம்மா. அவன் கோவிச்சுக்கிட்டு வெளியே போகச் சொன்னா நான் எங்க போய்ப் படுக்கிறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சமூக நல இலாகா நடத்தும் ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லங்களில் சேர வேண்டுமானால், 60 வயதைக் கடந்திருப்பதோடு, வாரிசும் நிலையான இருப்பிடமும் இல்லாதவராகவும், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடியவராகவும் இருக்க வேண்டும். பாட்டிக்கு மகன் இருக்கிறான், வீடும் இருக்கிறது. அவற்றால்தான் அவருக்குத் துன்பம், அவற்றைக் காரணம் காட்டித்தான் அந்தக் கதவும் மூடப்படுகிறது.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், மனைவியையும் பிள்ளைகளையும் மட்டுமன்றி, முதுமையாலோ நோயாலோ உடல், மனக் குறைபாட்டாலோ இயலாத நிலையில் குடும்பத்தோடு வாழும் பெரியவர்களையும் காக்கிறது. 2017-இல் வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரின் உடைமையை நேர்மையின்றிக் கையாடி அவரைத் துயரத்துக்கு உள்ளாக்குவதையும் வன்முறையாகச் சேர்த்தது. அதே திருத்தத்தில், சமூக நல அதிகாரியே 7 நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கவும் வழி பிறந்தது. ஆனால், இவற்றைப் பெற யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் அப்படியன்று. ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகியிருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமையை மருத்துவர்மீதும் குடும்பத்தார்மீதும் அது சுமத்துகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கோ, 40 வயதாகியும் தன் பெயரை மட்டுமே சொல்லத் தெரிந்த மாற்றுத்திறனாளிக்கோ அப்படி ஒரு கடமை யார்மீதும் எழுதப்படவில்லை.

இங்கிலாந்தில் 2015 முதல் நடப்பில் இருக்கும் பராமரிப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு ஏக்கமாகவே இருந்தது. பராமரிப்புத் தேவையுள்ள பெரியவர் ஒருவர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார், அந்தத் தேவையின் காரணமாகவே அவரால் தம்மைக் காத்துக்கொள்ள இயலவில்லை என்று ஐயுற நியாயமிருந்தால், உள்ளூராட்சி மன்றம் விசாரித்தே ஆக வேண்டும், அல்லது பிறரை விசாரிக்க வைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பணத்தைப் பறிப்பதும் கொடுமையே என்று அதே பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கே எல்லாம் சீராக நடக்கிறது என்று நான் வாதிடவில்லை. ஆனால், தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

நம்மிடம் அந்தப் பொறுப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஊராட்சி மன்றத்தின் வேலை சாலை, கால்வாய், குப்பை, உரிமம், மதிப்பீட்டு வரி என்பதோடு நிற்கிறது. நலன் என்பது வேறு இலாகா. எந்த மாடியில் யார் குடியிருக்கிறார் என்று அறிய வாய்ப்புள்ள மன்றத்துக்குக் கடமை இல்லை. கடமை உள்ள மாவட்ட நல அலுவலகமோ தொலைவில் இருக்கிறது. உள்ளூராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே, ஓட்டுக் கேட்டாவது அவர்கள் நான்காம் மாடிக்கு ஏறி வருவார்கள் என்று எதிர்பார்க்க வழியில்லை.

தோட்டத்து மக்களுக்கு இது இன்னும் கடினம். தோட்டம் தனியார் நிலம் என்பதால், ஊராட்சி மன்றம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. எதுவானாலும் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடமும் எழுத்தரான கிராணியிடமும் சொல்லிப் பழகியவர்கள், நகரத்துக்கு வந்தபின் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். (என் அம்மாவும் கடைசிவரை எந்தப் படிவத்தைக் கண்டாலும், "கிராணிகிட்ட குடுத்துட்டியா?" என்றுதான் கேட்பார்.) மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவதும் கட்டாயமன்று, பதியாதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு அன்று. ஒவ்வொரு கவுன்சிலரும் தம் பகுதியில் தனித்து வாழும் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் பார்த்து, மாவட்ட நல அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாட்டியைப் போன்று, பிள்ளைகளோடு இருந்தும் தனித்து விடப்பட்டவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் எதிரில் இல்லாமல் 10 நிமிடமாவது அவர்களோடு தனியே பேச வேண்டும். நான் பார்த்தவரை, மகன் பக்கத்தில் இருக்கும்வரை பாட்டி எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொல்லுவார். சமூக நல இலாகாவிடம் ஏற்கெனவே வீட்டுக்கே வந்து உதவும் தன்னார்வலர் திட்டம் ஒன்று இருக்கிறது. அந்தத் தன்னார்வலர்களில் தமிழ் பேசுகிறவர்களும் வேண்டும்.

அதுவரை, அண்டை வீட்டார் நாமே 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். குடும்ப வன்முறை குறித்து நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. எங்கள் மூன்று கட்டடங்களில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மாடி வாரியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன்; இதுவரை 11 பேர். இங்கே குடியிருப்பவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள், பெயர் வேண்டாம், மாடி எண் போதும். அடுத்த வாரம் அதை எங்கள் கவுன்சிலரிடம் நேரில் கொடுக்கப் போகிறேன்.