இருட்டிய பிறகு போட்டி வேண்டாம்

பயணம் போகும் இடங்களில் அணில், எலி போன்ற கொறித்துண்ணிகளில் யார் அதிக வகைகளைப் பார்ப்பது என்பதில் எனக்கும் என் அத்தானுக்கும் நெடுநாளாகப் போட்டி. இப்போது அவர்தான் முன்னால் நிற்கிறார். வால்பாறையில் இரவு டார்ச் அடித்துத் தேடி, பறக்கும் அணிலைப் பார்த்துவிட்டார். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறேன் நான். அக்கா அவர் பக்கம், அம்மா என் பக்கம். என் நியாயத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் விதிகள் கறாரானவை. முயல் சேராது, அதற்கு மேல்தாடை வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடிப் பல் உண்டு, கொறித்துண்ணிகளுக்கு அது கிடையாது. பூச்சி தின்னும் மூஞ்சூறும் சேராது. முள்ளம்பன்றி சேரும். ஆனால் பாதையில் கிடந்த முள்ளைக் காட்டிப் புள்ளி கேட்டால் தர மாட்டேன். விலங்கைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பகலில் பார்ப்பதற்கே எவ்வளவு இருக்கிறது! உடுமலையிலிருந்து மூணாறு போகும் வழியில் சின்னாறு ஆற்றங்கரை மரங்களை அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிற மலையணில் அங்கே இருக்கிறது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். இதற்காகவே 1988இல் திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பிலும் புளியமரத்திலும்கூட இது தென்படும். பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து சேரும் இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகிறது. ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தாவிவிடலாம் அல்லவா? தரைக்கு அது அபூர்வமாகவே இறங்கும். சாலைக்காக நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் வழியே அறுந்துபோகிறது. இதையெல்லாம் எனக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது இந்தப் போட்டிதான். அத்தானோடு மல்லுக்கு நிற்காவிட்டால் கிளைகள் எங்கே சேர்கின்றன என்று நான் ஏன் பார்க்கப் போகிறேன்?

அதனால்தான் டார்ச் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பறக்கும் அணில் உண்மையில் பறப்பதில்லை. கைகால்களுக்கு இடையிலுள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகிறது. இறங்கும் இடத்தை இருட்டிலேயே கணிக்க வேண்டிய உயிர் அது. இருளுக்குப் பழகிய அந்தப் பெரிய கண்களில் வெளிச்சத்தைப் பாய்ச்சிவிட்டு, "பார்த்துவிட்டேன்" என்று புள்ளி எழுதிக்கொள்வது என்ன நியாயம்? மலைச்சாலையில் இரவு வண்டி ஓட்டித் தேடுவது இதைவிட மோசம். பந்திப்பூர் காட்டின் வழியாகப் போகும் நெடுஞ்சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடி வைப்பதே சக்கரத்தில் விலங்குகள் அடிபட்டுச் சாகின்றன என்பதற்காகத்தான்.

"அப்படியானால் இரவு விலங்கை எப்படித்தான் பார்ப்பது?" என்று அத்தான் கேட்கிறார். நல்ல கேள்வி. பொழுது சாய்ந்ததும் விடுதித் திண்ணையில் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். பறக்கும் அணில் பொந்தை விட்டுக் கிளம்பும் நேரம் அது. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தால் அது சறுக்கிப் போவது நிழலுருவாகத் தெரியும். தெரியாமலும் போகலாம். அப்படித் தெரிந்தால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி தரத் தயார் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பயணம் மேகமலைக்கு. வால்பாறைப் புள்ளியை அதற்குள் அவரே கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை.